காமிக்ஸ் படிக்க எந்தக் கல்லூரி? புதுச்சேரி, கடலூர் பிள்ளைகளுக்கான இழை

வில்லியனூர் வாசகி:
பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் இந்தப் பக்கத்துப் பெற்றோர் கேட்கிற கேள்விதான். பிள்ளை நல்லா வரையறான், காமிக்ஸ்தான் பண்ணுவேன்னு ஒத்தக்காலில் நிற்கிறான், எங்கே சேர்க்கிறது? "அனிமேஷன்ல போட்டுடுங்க" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அனிமேஷன் வேறு வேலை, காமிக்ஸ் வேறு வேலை. அதனால் விவரம் தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள். காமிக்ஸைப் பாடமாக எங்கே நடத்துகிறார்கள், அங்கே படித்தவர்கள் என்ன சாதித்தார்கள், இங்கிருந்து போக என்ன தயாரிப்பு வேண்டும்? "ஆர்வம் இருந்தால் போதும்" மாதிரி பதில்கள் வேண்டாம். தாள் அளவு, பக்க எண்ணிக்கை வரைக்கும் எழுதினால்தான் பிரயோஜனம்.

சஃப்ரேன் வீதி:
முதல் கேள்விக்கு வருகிறேன். நியூயார்க்கில் 1947-ல் சைலஸ் ரோட்ஸும், டார்ஜான் பட்டைக்கதை வரைந்த பர்ன் ஹோகார்த்தும் தொடங்கிய பள்ளியின் முதல் பெயரே 'கார்ட்டூனிஸ்ட்ஸ் அண்ட் இல்லஸ்ட்ரேட்டர்ஸ் ஸ்கூல்'. 1956-ல் அது ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ் ஆனது. வில் ஐஸ்னர், ஹார்வி கர்ட்ஸ்மன், ஆர்ட் ஸ்பீகல்மன் மூவரும் அங்கே பாடம் எடுத்தவர்கள். ஸ்பீகல்மன் வகுப்பில் இருந்த மார்க் நியூகார்டன், காஸ், ட்ரூ ஃப்ரீட்மன் ஆகியோரின் பக்கங்கள் அவர் நடத்திய 'ரா' இதழிலேயே அச்சாயின.

பிரஸ்ஸல்ஸில் சேன் லூக் கல்லூரி. அங்கே க்ளோத் ரெனார் 1976-ல் 'அத்தலியே ஆர்' என்ற காமிக்ஸ் பட்டறையைத் தொடங்கி, மாணவர் வேலைகளைத் தொகுப்பாக அச்சிட்டார். அந்தப் பட்டறையில் வந்தவர் ஃபிரான்சுவா ஸ்கூய்டன். கட்டடங்களை அவர் அளவுக்கு நுணுக்கமாக வரைந்தவர்கள் குறைவு. பாரிஸ் மெட்ரோவின் 'ஆர் ஏ மெத்தியே' நிலையத்தை 1994-ல் செம்புத்தகடு போர்த்திய நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி வடிவமைத்தவர் அவர்தான். 2002-ல் ஃபிரான்ஸின் அங்குலேம் காமிக்ஸ் விழாவின் உயரிய விருதான கிராண்ட் ப்ரீ வாங்கினார்.

அங்குலேம் ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள் சில்வேன் ஷோமேயும் நிக்கோலா த க்ரேசியும். ஷோமே பிறகு அனிமேஷன் திரைப்படத்துக்குப் போனார். ஸ்ட்ராஸ்பூர் அலங்காரக் கலைப் பள்ளியில் படித்தவர்கள் மர்ஜான் சத்ரபியும் ப்ளூட்ச்சும். ப்ளூட்ச்சுக்கு 2009-ல் கிராண்ட் ப்ரீ. சத்ரபியின் 'பெர்செபோலிஸ்' 2000 முதல் புத்தகமாக வந்தது. 2007-ல் அதன் படம் கான் விழாவில் ஜூரி பரிசு பெற்றது. பாரிஸில் படித்த காத்ரின் மொரிஸ் 2020-ல் ஃபிரெஞ்சு நுண்கலை அகாதமிக்குத் தேர்வானார். காமிக்ஸ் வரைபவர் ஒருவர் அங்கே நுழைந்தது அதுவே முதல் முறை.

அமெரிக்காவில் இன்னும் இரண்டு. நியூஜெர்சி டோவரில் ஜோ குபர்ட் 1976-ல் தொடங்கிய பள்ளியின் முதல் செட் மாணவர்களில் ஒருவர் ஸ்டீஃபன் பிஸ்ஸட். ஜான் டோடில்பனும் அங்கே படித்தவர்தான். இருவரும் சேர்ந்து 'ஸ்வாம்ப் திங்' என்ற திகில் காமிக்ஸ் வரைந்தார்கள். பிஸ்ஸட் பிறகு வெர்மான்ட்டில் 2005-ல் தொடங்கிய சென்டர் ஃபார் கார்ட்டூன் ஸ்டடீஸில் ஆசிரியரானார். அங்கே படித்த டில்லி வால்டனுக்கு 2018-ல் அமெரிக்க காமிக்ஸ் துறையின் ஐஸ்னர் விருது.

இத்தனை பேர் வரலாற்றையும் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நல்ல பள்ளி மாணவனைப் படிக்கும்போதே அச்சுக்குத் தள்ளுகிறது. முடித்த பக்கம், தைத்த புத்தகம், அதைப் படித்துக் கறாராகப் பேசும் பத்துப் பேர், இந்த மூன்றும்தான் படிப்பு. கல்லூரி பெயர் அதற்குப் பிறகு.

அரியாங்குப்பம் அப்ளைடு:
சஃப்ரேன் வீதி சார் உலகம் சுற்றிக் காட்டிவிட்டார், நான் உள்ளூருக்கு வருகிறேன். புதுச்சேரிக்காரர்களுக்கு அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது, நுண்கலைப் பிரிவு உண்டு, சேர்க்கை புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக. கடலூர் பிள்ளைகளுக்கு கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி கிட்டே. மயிலாடுதுறை வழியாக ரயில். அடுத்தது சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கியது. இந்த மூன்றிலும் காமிக்ஸ் என்று தனித் துறை கிடையாது.

அதை வைத்து இங்கே படித்துப் பயனில்லை என்று யாரும் முடிவு கட்டவேண்டாம். அம்புலிமாமாவில் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் விக்கிரமாதித்தன் படம் நினைவிருக்கும். அதை வரைந்த சங்கர், அதாவது கே.சி. சிவசங்கரன், சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்து மாணவர். அவர் மறைந்த பிறகு 2021-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்தப் படத்தில் வேதாளத்தின் எடை ராஜாவின் தோளிலும், முன்னால் வைத்த காலிலும் தெரியும். லைஃப் டிராயிங்கில், அதாவது ஆளை நேரில் நிறுத்திப் பார்த்து வரைவதில் ஊறிய கைக்குத்தான் அது வரும். ஓவியர் ட்ராட்ஸ்கி மருதுவும் அதே கல்லூரிதான்.

அகில இந்திய அளவில் அகமதாபாத் என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம்), மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளியான ஐ.டி.சி. என்.ஐ.டி.க்கு டாட் தேர்வு, ஐ.ஐ.டி.க்கு யூசீட் தேர்வு. அங்கேயும் கிராஃபிக் டிசைன், அனிமேஷன், கம்யூனிகேஷன் டிசைன் வழியாகத்தான் காமிக்ஸுக்கு வரவேண்டும். நர்மதை அணைப் போராட்டத்தை வைத்து 1994-ல் 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்' செய்த ஓரிஜித் சென் என்.ஐ.டி. மாணவர். 2008-ல் 'கரி' என்ற கிராஃபிக் நாவலை வெளியிட்ட அம்ருதா பாட்டீல் கோவா ஓவியக் கல்லூரியில் பட்டம் முடித்து, பிறகு பாஸ்டனில் முதுகலை படித்தவர். அங்குலேமில் எழுத்தாளர் இல்லத்தில் தங்கியும் வேலை செய்திருக்கிறார். கோவா வழி நம் பிள்ளைகளுக்கும் திறந்த வழிதானே?

ஒன்பது கட்டம்:
அப்ளைடு அண்ணா சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். லைஃப் டிராயிங் வேண்டும்தான். ஆனால் அப்ளைடு ஆர்ட் வகுப்பு ஒற்றைப் படத்துக்குக் கையைப் பழக்குகிறது. போஸ்டர், புத்தக அட்டை, விளம்பரம் எல்லாமே ஒரே பார்வையில் முடிகிற வேலை. காமிக்ஸ் பக்கத்தில் படம் கண்ணைப் பிடித்து நிறுத்தினால் கதை நின்றுபோகும். ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடவேண்டும். அந்தப் பயிற்சி நம் ஊர்க் கல்லூரிகளில் கிடைக்காது, தானே செய்துகொள்ளவேண்டும்.

செய்யும் முறை இது. நான்கு பக்கக் கதை, அதற்கு மேல் வேண்டாம். பேச்சில்லாத கதையாக இருந்தால் இன்னும் நல்லது. உதாரணத்துக்கு, தேவனாம்பட்டினம் கரையில் படகைக் கரையேற்றுகிறார்கள், கயிறு அறுகிறது, அவ்வளவுதான். முதலில் கட்டம் கட்டமாக ஒற்றை வரியில் எழுதுங்கள்: யார், எங்கே, என்ன செய்கிறார். ஒரு கட்டத்துக்கு ஒரு செயல். "கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்துக் கத்துகிறார்" என்று எழுதினால் அது மூன்று கட்டம்.

அடுத்து தம்ப்நெயில், அதாவது பக்கத்தின் குட்டி முன்வரைவு. 5 செ.மீ.க்கு 7 செ.மீ. பெட்டியில் ஒரு முழுப் பக்கம், மார்க்கர் மாதிரி தடித்த முனையால். பெரிதாக வரைந்தால் முகத்திலும் விரலிலும் கை போய்விடும். ஒரே பக்கத்துக்கு மூன்று வேறு தம்ப்நெயில் போட்டு, கதை தெரியாத ஒருவரிடம் காட்டி என்ன நடக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் கட்டத்தைத் திருத்தாமல் பென்சிலுக்குப் போகக்கூடாது.

பக்கம் திருப்புவதையும் கணக்கில் வையுங்கள். தமிழ்ப் புத்தகத்தில் வலப்பக்கம் ஒற்றைப்படை எண். வாசகர் வலப்பக்கத்தின் கடைசிக் கட்டம் முடிந்துதான் தாளைத் திருப்புவார். கயிறு அறுந்த காட்சியை வலப்பக்கத்தில் வைத்தால் புத்தகத்தை விரித்ததுமே கண்ணில் பட்டுவிடும். அது திருப்பிய பிறகு வரும் இடப்பக்கத்து முதல் கட்டத்தில் வரவேண்டும். வலப்பக்கத்துக் கடைசிக் கட்டத்தில் கயிற்றின் ஒரு புரி பிரிவதை மட்டும் காட்டினால் போதும்.

அடிக்கடி நடக்கிற இன்னொரு பிழை: இருவர் பேசும்போது பாதியில் பார்வைக்கோணம் அவர்களைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். இடப்பக்கம் நின்றவர் வலப்பக்கம் வந்துவிடுவார், வாசகர் குழம்புவார். முதலில் பேசுபவரை இடப்பக்கம் நிறுத்துங்கள். அவருடைய பேச்சு பலூன் தானாகவே முதலில் படிக்கப்படும். கடைசி நேரத்தில் பலூன் வாலை முறுக்கி இழுக்கவேண்டியிருக்காது.

முதலாண்டு:
அக்கா, ஒரு சந்தேகம். ஐப்பசி, கார்த்திகையில் இங்க் போட்டால் கோடு பஞ்சு மாதிரி கசிகிறது. வெயில் காலத்தில் அதே தாள், அதே இங்க் சரியாக வருகிறதே?

ஒன்பது கட்டம்:
தாள் ஈரம் குடித்திருக்கிறது தம்பி. கார்ட்ரிட்ஜ் தாளின் மேல் பூசிய பசைப்பூச்சுதான் மையை மேலேயே நிறுத்தி வைக்கிறது. கடற்கரைக் காற்றில் திறந்து கிடந்தால் அது பலமிழந்து, மை நாருக்குள் ஓடிவிடும். தாளைப் பாலிதீன் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, படுக்கை வாட்டில் வையுங்கள். சுவரை ஒட்டிச் சாய்த்து வைக்கவே கூடாது. மழைக்காலத்தில் 180 ஜி.எஸ்.எம்.முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறைந்த தாள் எடுக்காதீர்கள், கருப்பு நிரப்பும் இடத்தில் நெளிந்துவிடும். மையில் தொட்டு வரையும் ஜி நிப் துருப்பிடிப்பதும் இதே காரணம்தான். தண்ணீரில் கழுவி அப்படியே விடாமல், உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து மூடிய டப்பாவில் போடுங்கள். வாட்டர்ப்ரூஃப் டிராயிங் இங்க்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றினால் உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும், பேனா போச்சு.

திருப்பாதிரிப்புலியூர் ஆஃப்செட்:
படிக்கும்போதே அச்சுக்குப் போகணும்னு சஃப்ரேன் வீதி சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா பிரஸ்ஸுக்கு வர்ற ஃபைலைப் பார்த்தா எந்தக் கல்லூரியும் இதைச் சொல்லித்தரலைன்னு தெரியுது. அதனால விலாவாரியா எழுதறேன்.

முதல் புத்தகத்துக்கு ஏ5 அளவு, 24 பக்கம், சென்டர் பின். பக்க எண்ணிக்கை நாலால வகுபடணும்: 16, 20, 24, 32. 24 பக்கத்துக்கு ஏ4 தாள் ஆறு. 22 பக்கத்தோட வந்தா ரெண்டு பக்கம் காலியா நிக்கும். ஒரே தாள்ல பக்கத்துல பக்கத்துல விழற பக்க எண்களைக் கூட்டினா எப்பவும் 25 வரும்: 24-ம் 1-ம், 2-ம் 23-ம், இப்படி. ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பெரிய படம் வரையணும்னா 12-13 நடுப்பக்கத்துல மட்டும் வரைங்க. அதுதான் ஒரே தாள்ல சேர்ந்து விழும். வேற எங்க வெச்சாலும் ரெண்டு தாள் சேர்ற இடத்துல கோடு விலகும்.

ஒரிஜினலை ஏ4-ல வரைஞ்சு ஏ5-க்குச் சுருக்கினா 71 சதவீதம். ஏ3-ல வரைஞ்சா 50 சதவீதம். ஏ3-ல 0.1 பேனாவால போட்ட கோடு பாதியாச் சுருங்கினா 0.05 மி.மீ. ஆயிடும். ஜெராக்ஸ் மெஷின்லயும் டிஜிட்டல் பிரிண்ட்லயும் அது விட்டுவிட்டுத்தான் விழும். ஏ3-ல வரையறவங்க 0.3-க்குக் கீழ போகாதீங்க. மாங்கா வரையறவங்க பி4 தாள்ல 180-க்கு 270 மி.மீ. உள்சட்டம் போட்டுத்தான் வரையறாங்க. அதுவும் சுருக்கறதுக்குத்தான்.

கோட்டுப் படத்தை 600 டி.பி.ஐ., கிரேஸ்கேல்ல ஸ்கேன் பண்ணுங்க. ஏ4-க்கு 4960-க்கு 7016 பிக்சல் வரணும், வரலைன்னா கடைக்காரர் 300-ல போட்டுட்டார்னு அர்த்தம். ஜேபெக் வேணாம், டிஃப் வாங்குங்க. ஏ3 ஸ்கேனர் இல்லாத இடத்துல ரெண்டு பாதியா எடுத்து ஒட்டலாம், நாலு செ.மீ. மேற்படியா விடுங்க. ஸ்கேனர்ல ஆட்டோ கரெக்‌ஷனை அணைச்சிடுங்க. இல்லன்னா ஒரு பாதி வெளிறி, ஒரு பாதி இருண்டு வரும், ஒட்டின இடம் தெரியும்.

இப்ப கருப்பு. ஆர்.ஜி.பி.யில, அதாவது திரைக்கான கலர் முறையில வரைஞ்சு, அப்படியே அச்சுக்கான நாலு மை முறையான சி.எம்.ஒய்.கே.வுக்கு மாத்தினா கருப்புக் கோடு நாலு கலர்லயும் பிரிஞ்சிடும், மொத்த மை 300 சதவீதம் கிட்ட போகும். ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு பொருந்தறது, ஒரு நூல் விலகினாலும் எழுத்துக்கு ஓரத்துல சிவப்பும் நீலமும் தெரியும். கோடும் எழுத்தும் கருப்புத் தட்டுல மட்டும் 100 சதவீதம் இருக்கணும், அடியில இருக்கற கலர் மேல ஓவர்பிரிண்ட். ராத்திரி வானம் மாதிரி பெரிய கருப்புக்கு மட்டும் சயான் 40, மஜந்தா 30, மஞ்சள் 30, கருப்பு 100. சுத்திலும் 3 மி.மீ. ப்ளீட், அதாவது வெட்டு விளிம்புக்கு வெளியேயும் நீளற படம். பேச்சு பலூன் வெட்டு விளிம்புலேர்ந்து 8 மி.மீ. உள்ளே. பின் அடிக்கற பக்கம் 10.

எழுத்துக்காரன்:
ஆஃப்செட் அண்ணன் விட்ட இடத்திலிருந்து லெட்டரிங், அதாவது பலூனுக்குள் எழுத்து அமைப்பது. கல்லூரிக்குக் காட்டும் வேலைத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் அதிகம் சொதப்புவது இங்கேதான். ஆங்கில காமிக்ஸ் பார்த்துப் பழகியவர்கள் அதே அளவில் பலூன் போட்டுவிடுகிறார்கள். தமிழ்ச் சொல் நீளம், பலூன் அகலமாக வேண்டும். ஏ5-இல் எழுத்து 9 பாயிண்ட், வரி இடைவெளி 12 அல்லது 13. தமிழில் மேலே விசிறியும் புள்ளியும் வரும், கீழே 'கூ', 'மூ'வின் சுழி இறங்கும். ஆங்கிலத்துக்கு வைக்கும் இடைவெளியை வைத்தால் மேல்வரிச் சுழியும் கீழ்வரிப் புள்ளியும் இடித்துக்கொள்ளும்.

சொல்லை உடைக்கவேண்டி வந்தால், அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்கக்கூடாது. "போய்க்கொண்டிருக்கிறேன்" என்பதை "போய்க்" என்று நிறுத்தி "கொண்டிருக்கிறேன்" என்று அடுத்த வரியில் போடலாம். "போய்" என்று நிறுத்தினால் அடுத்த வரி 'க்'கில் தொடங்கிக் கண் தடுக்கும். அதைவிட "போய்ட்டிருக்கேன்" என்று பேச்சு வழக்கில் எழுதினால் இடமும் மிச்சம், ஆளும் உயிரோடு பேசுவார். ஒரு பலூனுக்கு 12 முதல் 15 சொல். மீறினால் இரண்டாகப் பிரியுங்கள்.

மென்பொருளில் 'கொ', 'கோ' உடைந்து கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் நின்றால் எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். ஃபோட்டோஷாப், இன்டிசைனில் வேர்ல்ட் ரெடி கம்போஸரை இயக்கவேண்டும். இலவசமாக வேண்டும் என்றால் இங்க்ஸ்கேப், ஸ்க்ரைபஸ் 1.5.3-க்குப் பிந்தைய பதிப்புகள் தமிழைச் சரியாகக் காட்டும். பலூனையும் எழுத்தையும் படத்தோடு ஒட்டாமல் தனி லேயரில் வைத்திருங்கள். ஃபிரெஞ்சுக் கல்லூரிக்கு அனுப்பும்போது மொழியை மட்டும் மாற்றினால் போதும்.

சத்தங்களைக் கையால் எழுதுங்கள். 'டமார்', 'சடசட', 'விர்ர்ர்' எல்லாம் படத்தின் பாகம். 'ர்' வரிசையைச் சிறிதில் தொடங்கிப் பெரிதாக்கினால் வண்டி வரும் திசையே தெரிந்துவிடும். இரும்புக்கை மாயாவியை 1972-இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்தது முதல் மொழிபெயர்ப்பு காமிக்ஸ் படித்தே வளர்ந்த நமக்கு, மற்றவர் வரைந்த பலூனுக்குள் தமிழை அடைத்துப் பார்த்தே பழகிவிட்டது. தமிழுக்கென்றே பக்கத்தை அமைக்கும் ஆட்கள் நம் கல்லூரிகளிலிருந்து வரவேண்டும் என்பது என் ஆசை.

வில்லியனூர் வாசகி:
எல்லோருக்கும் நன்றி. ஃபிரான்ஸ் போக நினைப்பவர்களுக்கு மொழி, விண்ணப்பம் பற்றி யாராவது?

சஃப்ரேன் வீதி:
அம்மா, ஃபிரான்ஸின் அரசு ஓவியக் கல்லூரிகளில் மூன்று ஆண்டு முடித்தால் டி.என்.ஏ., ஐந்து ஆண்டு முடித்தால் டி.என்.எஸ்.இ.பி. பட்டம். பெரும்பாலும் பி2 நிலை (ஓரளவு சரளமாகப் பேசும் மேல் இடைநிலை) ஃபிரெஞ்சு கேட்பார்கள். தொடக்கத்திலிருந்து பி2 வரை ஏறக்குறைய 500 முதல் 600 மணி நேர வகுப்பு ஆகும். புதுச்சேரியில் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் இருப்பது நமக்குப் பெரிய வசதி, பிளஸ் ஒன்னிலேயே தொடங்கிவிடலாம். விண்ணப்பம் வெளிநாட்டு மாணவருக்கான ஃபிரெஞ்சு அரசு அமைப்பான கேம்பஸ் ஃபிரான்ஸ் வழியாக. கலைக் கல்லூரிகளுக்கு கேம்பஸ்ஆர்ட் என்று தனித் தளமும் உண்டு. நேர்காணலில் ஃபிரெஞ்சில் உங்கள் பக்கங்களைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். "இந்தக் கட்டம் ஏன் இவ்வளவு பெரிது?" என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியவேண்டும்.

குடும்பம் ஐந்து ஆண்டுச் செலவுக்குத் தயங்கினால், அப்ளைடு சொன்னபடி இங்கே இளங்கலை முடித்து, அதற்குள் பி2-வும் மூன்று குட்டிப் புத்தகங்களும் கையில் வைத்துக்கொண்டு முதுகலைக்குப் போவது நல்லது. அங்குலேமில் புவாத்தியே பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து காமிக்ஸுக்கென்றே முதுகலை நடத்துகிறார்கள்.

மாங்கா ரசிகர்களுக்கும் ஒரு வரி: கியோட்டோ சைகா பல்கலைக்கழகம் 2006-ல் மாங்காவுக்குத் தனிப் புலமே தொடங்கியது. மூத்த மாங்கா கலைஞர் கேய்கோ டகேமியா அங்கே ஆசிரியராக இருந்து 2014-ல் பல்கலைக்கழகத் தலைவரானார். அதற்கு ஜப்பானிய மொழி வேண்டும்.

முதலாண்டு:
போர்ட்ஃபோலியோவில் எத்தனை வேலை வைக்கலாம்? பிடித்த ஹீரோ படங்கள் நிறைய இருக்கின்றன.

அரியாங்குப்பம் அப்ளைடு:
15 முதல் 20 பக்கம் போதும் தம்பி. ஹீரோ படங்களை நகல் எடுத்தது எவ்வளவு அழகாக இருந்தாலும் வைக்காதே. முதலில் முடித்த ஒரு குறுங்கதை, நான்கு முதல் எட்டுப் பக்கம். அடுத்து அதன் தம்ப்நெயில், பென்சில், இங்க் மூன்றும் ஒரே பக்கத்துக்கு வரிசையாக. பிறகு நேரில் பார்த்து வரைந்த ஸ்கெட்ச்: கூபேர் மார்க்கெட் மீன் வரிசை, கடலூர் துறைமுகம், பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவர்கள். குனிவது, தூக்குவது, காத்திருப்பது என உடம்பு வேலை செய்யும் படங்களாகத் தேர்ந்தெடு. கடைசியில் இன்னொரு கதை, முதல் கதையிலிருந்து மாறுபட்ட முறையில்.

பி.டி.எஃப்.பை 10 எம்.பி.க்குள் அடக்கி, பக்கங்களை இரண்டிரண்டாக விரித்த நிலையில் காட்டு, அப்போதுதான் பக்கம் திருப்பும் இடம் புரியும். நேர்காணலுக்கு ஒரிஜினல் இரண்டும், பின் அடித்த புத்தகம் இரண்டு பிரதியும் எடுத்துப் போ. ஒன்றை அவர்களிடமே கொடுத்துவிடலாம்.

திருப்பாதிரிப்புலியூர் ஆஃப்செட்:
அந்த ரெண்டு பிரதிக்கு ஆஃப்செட் பிளேட் போடாதீங்க, காசு வீண். 50 பிரதி வரைக்கும் டிஜிட்டல் பிரிண்ட்தான் கட்டுப்படியாகும். உள்தாள் 100 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ, அட்டை 220 ஆர்ட் கார்டு. மொத்தமா அடிக்கறதுக்கு முன்னால ஒரே ஒரு பிரதி அடிச்சு, மடிச்சு, பின் போட்டு, எல்லாப் பக்கத்தையும் திருப்பிப் பாத்துட்டு அப்புறம் ஓகே சொல்லுங்க.